கொலஸ்டிரால்: ஐயத்திலிருந்து உறுதிப்பாட்டிற்கு – இதயநோய் ஆபத்துக் காரணி ஒன்றின் வரலாறு (1913–1994)

ஆய்வுச் சுருக்கம்

இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுவது மாரடைப்புக்கு வழிவகுக்கும் என்பது இன்று மருத்துவத்தின் அடிப்படைச் செய்திகளுள் ஒன்றாகும். இதற்கான முதல் தெளிவான சோதனைச் சான்று 1913ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. ஆயினும் மருத்துவ உலகின் பெரும்பகுதி அதனை ஏற்க 1994ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இடைப்பட்ட எண்பத்தோர் ஆண்டுகளில் விலங்குச் சோதனை, குடும்ப ஆய்வு, மக்கள்தொகை ஆய்வு, உயிரணு ஆய்வு, மருந்துச் சோதனை ஆகிய ஐவகைச் சான்றுகள் திரண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்காலத்தில் நேர்ந்தவை ஒரே தன்மையுள்ள தாமதம் அல்ல என்பதும், முதற்பகுதி புறக்கணிப்பால் விளைந்தது, பிற்பகுதி நியாயமான எச்சரிக்கையால் விளைந்தது என்பதும் கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: கொலஸ்டிரால், மாரடைப்பு, தமனித் தடிப்பு, ஆபத்துக் காரணி, மருத்துவ வரலாறு, ஸ்டேட்டின்

முன்னுரை

பேச்சுத் தமிழில் 'கொழுப்பு' என்னும் ஒரே சொல், நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பையும் இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும் கொலஸ்டிராலையும் சுட்டுகிறது. வேதியியல் நோக்கில் இவை வெவ்வேறு பொருள்கள். கொலஸ்டிரால் என்பது விலங்குகளின் உயிரணுக்களில் காணப்படும் மெழுகு போன்ற பொருள். உயிரணுச் சவ்வுகளைக் கட்டுவதற்கும், பித்த அமிலங்களையும் சில இயக்குநீர்களையும் உருவாக்குவதற்கும் அது உடலுக்குத் தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. தாவர எண்ணெய்களில் அது இல்லை எனலாம். ஆகவே எண்ணெய்ப் பொட்டலங்களில் 'கொலஸ்டிரால் அற்றது' என அச்சிடப்படுவது உண்மையே ஆயினும் அது அந்த எண்ணெய்க்கு மட்டும் உரிய சிறப்பன்று.

உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருளே அளவு மீறும்போது உயிரைப் பறிக்கிறது என்னும் கருத்து எளிதில் ஏற்கப்பட்டதன்று. ஒரு பொருள் நோயோடு சேர்ந்து காணப்படுவது வேறு. அப்பொருளே நோயை உண்டாக்குவது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல எவ்வகைச் சான்றுகள் வேண்டும் என்னும் வினாவே இவ்வரலாற்றின் மையமாகும்.

பித்தக்கல்லிலிருந்து தமனிக்கு

கொலஸ்டிரால் முதன்முதலில் இனங்காணப்பட்டது இதயத்தொடு தொடர்பின்றியே ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பூலெத்தியே தெ லா சால் பித்தக்கற்களில் இப்பொருளைக் கண்டார். 1816ஆம் ஆண்டில் வேதியியலாளர் மிஷேல் யூஜேன் செவ்ரல் இதற்குப் பெயரிட்டார். பித்தம், திண்மம் ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். 1843இல் யூலியுஸ் ஃபோகல் நோயுற்ற தமனிகளின் சுவர்ப் படிவுகளிலும் அதே பொருள் இருப்பதைக் காட்டினார். 1904இல் பெலிக்ஸ் மர்ஷாண்ட் இந்நோய்க்குச் சூட்டிய பெயரில் கூழ், கடினம் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் இணைந்துள்ளன. தமனிச் சுவர் கெட்டிப்படுவதும் அதனுள் கூழ் போன்ற பொருள் தேங்குவதும் அப்பெயரிலேயே பதிவாகியுள்ளன. தமிழில் இது தமனித் தடிப்பு எனப்படுகிறது.

1910ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் விண்டாவுஸ், நோயுற்ற பெருந்தமனியில் உள்ள கொலஸ்டிராலின் செறிவு நலமான பெருந்தமனியில் உள்ளதைப் போல இருபது மடங்குக்கும் மேற்பட்டது என அளந்து காட்டினார். ஆயினும் இந்த அளவீடு ஒரு வினாவுக்கு விடை தரவில்லை. கொலஸ்டிரால் படிந்ததால் தமனி நோயுற்றதா, நோயுற்ற தமனியில் கொலஸ்டிரால் படிந்ததா என்பதே அவ்வினா. அழற்சியால் தமனிச் சுவரில் ஏற்படும் மாற்றமே முதன்மையானது என ருடால்ஃப் ஃபிர்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கூறியிருந்தார். பெரும்பாலான மருத்துவர்களோ தமனி கெட்டிப்படுவதை முதுமையின் இயல்பு என்றே கருதினர். நரை தோன்றுவதைப் போன்றதே அது எனின் அதற்குக் காரணம் தேட வேண்டிய தேவை எழவில்லை.

முயல்கள் காட்டியதும் நாய்கள் மறுத்ததும்

1908ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அலெக்சாண்டர் இக்னாத்தோவ்ஸ்கி முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைக் கொடுத்து அவற்றின் தமனிகளில் தடிப்பு தோன்றுவதைக் கண்டார். விலங்குப் புரதமே அதற்குக் காரணம் என அவர் முடிவு செய்தார். அதே நகரின் இராணுவ மருத்துவக் கழகத்தில் பணியாற்றிய இளம் ஆய்வாளர்களான நிக்கோலாய் அனிச்கோவும் செமியோன் கலாத்தோவும் இம்முடிவை மேலும் சோதித்தனர். தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஒரு தொகுதி முயல்களுக்குக் கொடுத்தனர். மற்றொரு தொகுதிக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெயைக் கொடுத்தனர். முதல் தொகுதியில் மட்டும் மனிதத் தமனிகளில் காணப்படுவதை ஒத்த படிவுகள் தோன்றின. 1913இல் வெளியான இம்முடிவு, புரதத்தை விலக்கிக் கொலஸ்டிராலைத் தனித்துச் சுட்டியது.

இத்துணைத் தெளிவான சோதனை பல பத்தாண்டுகள் பயனின்றிக் கிடந்தமைக்கு ஓர் அறிவியற் காரணம் இருந்தது. பிற ஆய்வாளர்கள் எலிகளிடத்தும் நாய்களிடத்தும் அதே சோதனையைச் செய்தபோது தமனித் தடிப்பு தோன்றவில்லை. முயல் தாவர உண்ணி. அதன் இயல்பான உணவில் கொலஸ்டிரால் இல்லை. ஆகவே முயலில் கண்டதை மனிதனுக்குப் பொருத்தலாகாது என்னும் வாதம் வலுவுடையதாகத் தோன்றியது.

இவ்வாதத்தின் குறை பின்னரே புலப்பட்டது. நாயின் கல்லீரல் உணவில் வரும் மிகைக் கொலஸ்டிராலை விரைவாகப் பித்த அமிலங்களாக மாற்றிவிடுகிறது. எனவே நாய் எவ்வளவு உண்டாலும் அதன் இரத்தக் கொலஸ்டிரால் பெரிதும் உயர்வதில்லை. 1946ஆம் ஆண்டில் மருந்தின் மூலம் தைராய்டுச் சுரப்பியின் செயலைக் குறைத்து நாய்களின் இரத்தக் கொலஸ்டிராலை உயர்த்தியபோது, அவற்றின் தமனிகளும் தடித்தன. தமனிக்குத் தீங்கு செய்வது உண்ணும் கொலஸ்டிராலின் அளவன்று, இரத்தத்தில் சுற்றும் கொலஸ்டிராலின் அளவே என்னும் வேறுபாடு இங்குத் தெளிவாயிற்று. எனினும் அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. நாய்களின் இரத்தத்தை அளந்து பார்க்கும் எளிய வினாவை அக்காலத்து மருத்துவம் முன்னிறுத்தாமைக்கு, தமனித் தடிப்பு தவிர்க்க முடியாத முதுமை என்னும் முடிந்த முடிவே அடிப்படைக் காரணமாகும்.

குடும்பங்களில் தெரிந்த தொடர்பு

மனிதரிடத்திலான வலுவான சான்று நார்வே நாட்டிலிருந்து வந்தது. ஆஸ்லோ நகர மருத்துவர் கார்ல் முல்லர், தோலிலும் தசைநாண்களிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் கொண்ட நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். 1930களின் இறுதியில் அவர் விவரித்த 17 குடும்பங்களில் கட்டிகள், இரத்தத்தில் மிகைக் கொலஸ்டிரால், இளம்வயது இதயநோய் ஆகிய மூன்றும் தலைமுறைதோறும் சேர்ந்தே வந்தன. முயலுக்குப் புறத்திலிருந்து ஊட்டியதை இக்குடும்பங்களுக்குப் பிறப்பே கொடுத்திருந்தது.

ஆயினும் இவை அரிய குடும்பங்கள். மாரடைப்பால் இறந்த பெரும்பாலோருக்குத் தோற்கட்டிகள் இல்லை. அவர்களின் கொலஸ்டிரால் அளவும் 'இயல்பானது' எனவே கருதப்பட்டது. அக்காலத்தில் இயல்பு எனப்பட்டது அச்சமூகத்தின் சராசரியே. ஒரு சமூகம் முழுவதும் உயர்ந்த அளவைக் கொண்டிருப்பின், அதன் சராசரி நலத்தின் அளவுகோல் ஆகாது என்னும் கருத்து அப்போது பரவலாக எழவில்லை.

'ஆபத்துக் காரணி' என்னும் கருத்தின் பிறப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதயநோயே முதன்மையான உயிர்க்கொல்லியாக இருந்தது. 1948ஆம் ஆண்டில் தேசிய இதய நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்காம் என்னும் சிற்றூர்ப்புற நகரில் நெடுங்கால ஆய்வொன்று தொடங்கியது. அந்நகரைச் சேர்ந்த 5,209 ஆண்களும் பெண்களும் அதில் இணைந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் பரிசோதிக்கப்பட்டனர். நோயாளியை நோய் வந்தபின் ஆராயும் வழக்கத்தை இவ்வாய்வு மாற்றியது. நலமாக இருப்போரை முதலில் அளந்து, யாருக்கு நோய் வருகிறது எனக் காத்திருந்து கண்டது.

1961ஆம் ஆண்டில் வில்லியம் கேனலும் உடன் ஆய்வாளர்களும் ஆறு ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். நடுத்தர வயது ஆண்களில் கொலஸ்டிரால் 245 மில்லிகிராம் அளவை எட்டியோருக்கு, 210க்குக் குறைந்தோரைக் காட்டிலும் இதயநோய் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக வந்தது. உயர் இரத்த அழுத்தமும் ஆபத்தை மிகுவித்தது. அவ்வாய்வேட்டின் தலைப்பில் இடம்பெற்ற 'ஆபத்தின் காரணிகள்' என்னும் தொடர் மருத்துவத்தில் நிலைபெற்றது.

இத்தொடர் புதிய சிந்தனை முறை ஒன்றைக் கொணர்ந்தது. காசநோய்க்கு ஒரு கிருமி, ஸ்கர்விக்கு ஒரு வைட்டமின் குறைபாடு என ஒரு நோய்க்கு ஒரு காரணம் கூறிய மருத்துவம், பல காரணிகள் சேர்ந்து நோயின் வாய்ப்பை உயர்த்துகின்றன எனக் கூறத் தொடங்கியது. கொலஸ்டிரால் மிகுந்த ஒருவர் நோயின்றி முதுமை எய்தலாம். குறைந்த ஒருவர் மாரடைப்பால் இறக்கலாம். தனிமனிதருக்கு வாய்ப்பாக மட்டுமே இருப்பது ஆயிரம் பேரிடத்தில் உறுதியான எண்ணாகிறது. அறிகுறி ஏதுமற்ற ஒருவர் ஓர் எண்ணின் காரணமாக மருத்துவரிடம் செல்லும் இன்றைய வழக்கத்தின் தொடக்கம் இதுவே.

இதே காலத்தில் ஜான் காஃப்மன் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் அதிவேக மையவிலக்குக் கருவியைக் கொண்டு, கொலஸ்டிரால் இரத்தத்தில் தனித்துச் சுற்றாமல் புரதத்தோடு இணைந்த துகள்களில் ஏறிச் செல்வதைப் பிரித்துக் காட்டினார். அடர்வு குறைந்த எல்.டி.எல். துகள்கள் மாரடைப்போடு தொடர்புடையன என்பதும், அடர்வு மிகுந்த எச்.டி.எல். துகள்கள் நேர்மாறானவை என்பதும் பின்னர் 'கெட்ட', 'நல்ல' கொலஸ்டிரால் என்னும் வழக்குகளாக மக்களிடம் பரவின.

நாடுகளின் ஒப்பீடும் அதன் எல்லையும்

1950களில் ஆன்செல் கீஸ் உணவிலுள்ள கொழுப்பிற்கும் இதயநோய் இறப்பிற்கும் உள்ள தொடர்பை ஆறு நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார். 22 நாடுகளுக்குத் தரவுகள் கிடைத்திருக்க ஆறு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டதை ஜேக்கப் எருசால்மியும் ஹெர்மன் ஹில்லபோவும் 1957இல் கண்டித்தனர். அடுத்த ஆண்டில் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகியவற்றைச் சேர்ந்த நடுத்தர வயது ஆண்கள் நேரடியாகப் பரிசோதிக்கப்பட்டனர். கிழக்குப் பின்லாந்தில் கொலஸ்டிராலும் இதயநோய் இறப்பும் மிக உயர்ந்திருந்தன. கிரீட் தீவிலும் ஜப்பானிலும் இரண்டும் மிகத் தாழ்ந்திருந்தன. பின்லாந்தில் சராசரி எனப்பட்ட அளவு ஜப்பானில் மிகையாகத் தோன்றியது. 'இயல்பு' என்பது இடத்திற்கு இடம் மாறும் எண் என்பது இதனால் வெளிப்பட்டது.

இவ்வேறுபாடு இனத்தின் பாற்பட்டதா என்னும் ஐயத்தை மற்றோர் ஆய்வு தீர்த்தது. ஜப்பான், ஹொனலூலு, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூவிடங்களிலும் வாழ்ந்த ஜப்பானிய மரபினரை ஒப்பிட்டபோது, மேற்கு நோக்கிய வாழ்க்கை முறைக்கு நெருங்க நெருங்க அவர்களின் கொலஸ்டிராலும் இதயநோயும் உயர்ந்தன. மரபு மாறாதிருக்க ஆபத்து மாறியது. இருப்பினும் இவை அனைத்தும் உடனிகழ்வைக் காட்டிய சான்றுகளே. கொலஸ்டிராலைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்னும் வினா எஞ்சியது.

குறைத்தலில் நேர்ந்த இடர்கள்

இவ்வினாவுக்கு விடைதேடிய முதல் முயற்சிகள் மருத்துவர்களின் தயக்கத்தை மிகுவித்தன. 1960இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரைபாரனால் என்னும் மருந்து, கண்புரை உள்ளிட்ட தீங்குகளை விளைவித்ததால் 1962இல் திரும்பப் பெறப்பட்டது. எடின்பரோ, புடாபெஸ்ட், பிராக் ஆகிய மூன்று நகரங்களில் ஏறத்தாழ 15,000 ஆண்களிடம் குளோஃபைபிரேட் மருந்து சோதிக்கப்பட்டது. 1978இல் வெளியான முடிவில் உயிர்போக்காத மாரடைப்புகள் குறைந்திருந்தன. ஆனால் மருந்து உண்டோரில் மொத்த இறப்பு மிகுந்திருந்தது. ஆய்வகத் தாளில் எண் குறைவதும் மனிதர் நெடிது வாழ்வதும் ஒன்றல்ல என்னும் பாடத்தை இச்சோதனை கற்பித்தது. பிரிட்டனின் புகழ்பெற்ற இதய மருத்துவர்கள் சிலர் கொலஸ்டிரால் கொள்கையை வெளிப்படையாக ஐயுற்றமைக்கு இத்தகைய முடிவுகள் இடமளித்தன.

உயிரணுவின் வாயிலும் அரிசியின் பூஞ்சையும்

இத்தேக்கத்தை இருவேறு நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் உடைத்தன. டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் முல்லர் விவரித்த குடும்ப நோயின் கடுமையான வடிவத்தை ஆராய்ந்தனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் எல்.டி.எல். இயல்பைவிட ஆறு முதல் பத்து மடங்கு வரை இருந்தது. அவர்களுக்கு இளம்பருவத்திலேயே மாரடைப்பு நேர்ந்தது. புகைப்பழக்கமோ உயர் இரத்த அழுத்தமோ முதுமையோ அங்கு இல்லை. எல்.டி.எல். மிகை ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேறில்லை. எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி உயிரணுக்களின் மேற்பரப்பில் இருப்பதையும், இந்நோயாளிகளிடத்தில் அது குன்றியிருப்பதையும் அவர்கள் 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். இதற்காக இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஜப்பானில் அகிரா எண்டோ, கொலஸ்டிரால் உருவாக்கத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதியைத் தடுக்கும் பொருளை நுண்ணுயிர்களிடத்தில் தேடினார். 1971இல் தொடங்கி ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தபின், கியோட்டோ நகரத் தானியக் கடையிலிருந்து பெற்ற அரிசியில் வளர்ந்த பூஞ்சை ஒன்றில் காம்பாக்டின் என்னும் பொருளைக் கண்டார். அனிச்கோவின் கருத்துக்கு நேர்ந்த தடையே இம்மருந்துக்கும் நேர்ந்தது: எலிகளிடத்தில் அது பயன் தரவில்லை. கைவிடப்படும் நிலையிலிருந்த அப்பொருள் முட்டையிடும் கோழிகளில் சோதிக்கப்பட்டது. கொலஸ்டிரால் நிறைந்த முட்டையை இடும் பறவையின் உடலில் அதன் உற்பத்தி மிகுந்திருக்கும் என்பது தேர்வுக்குரிய காரணம். கோழிகளில் கொலஸ்டிரால் குறைந்தது. பின்னர் நாய்களிலும் குறைந்தது. 1978இல் குடும்ப நோயால் துன்புற்ற மனிதரிடத்திலும் பயன் காணப்பட்டது. காம்பாக்டின் சந்தைக்கு வரவில்லை எனினும், அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஸ்டேட்டின் மருந்து செயற்படும் முறையை டல்லாஸ் கண்டுபிடிப்பே விளக்கியது: உள்ளே உற்பத்தி குறையும்போது கல்லீரல் உயிரணு மேலும் பல ஏற்பிகளை உருவாக்கி இரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகள்களை இழுத்துக்கொள்கிறது.

1984, 1994: இரு சோதனைகள்

1984இல் அமெரிக்கச் சோதனை ஒன்றின் முடிவு வெளியாயிற்று. மிகைக் கொலஸ்டிரால் கொண்ட 3,806 ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் கொலஸ்டிரமைன் என்னும் மருந்து சராசரியாக 7.4 ஆண்டுகள் அளிக்கப்பட்டது. இதயநோய் இறப்பும் மாரடைப்பும் சேர்ந்து 19 விழுக்காடு குறைந்தன. ஆயினும் மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐயுற்றோர் இதனைச் சுட்டியது தவறன்று.

1994இல் வெளியான ஸ்காண்டிநேவியச் சோதனையே இவ்விவாதத்தின் போக்கை மாற்றியது. நெஞ்சுவலியோ மாரடைப்போ முன்னர் வந்திருந்த 4,444 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பாதியினர் சிம்வாஸ்டேட்டினும் மறுபாதியினர் வெற்று மாத்திரையும் பெற்றனர். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வெற்று மாத்திரை பெற்றோரில் 256 பேரும் மருந்து பெற்றோரில் 182 பேரும் இறந்தனர். இதயநோயால் மட்டும் இறந்தோர் முறையே 189, 111. பிற காரணங்களாலான இறப்பு உயரவில்லை. குளோஃபைபிரேட் எழுப்பிய அச்சத்திற்கு நேரடியான விடை இதுவாகும். அடுத்த ஆண்டில் மாரடைப்பு வந்திராத 6,595 ஆண்களிடம் மேற்கு ஸ்காட்லாந்தில் நடந்த சோதனையும் இதனை உறுதிசெய்தது.

எச்சரிக்கையின் நியாயம்

கொலஸ்டிரால் கொள்கை வென்றதைக் கொண்டு, ஐயுற்றோர் அனைவரும் அறிவியலுக்குத் தடையாக நின்றனர் எனக் கூறுதல் பொருந்தாது. எச்.டி.எல். வரலாறு இதனைக் காட்டும். 'நல்ல கொலஸ்டிரால்' மிகுந்தோருக்கு இதயநோய் குறைவு என்பது மக்கள்தொகை ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே அதனை உயர்த்தும் டார்செட்ராபிப் என்னும் மருந்து பெரும் எதிர்பார்ப்போடு ஏறத்தாழ 15,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. எச்.டி.எல். வெகுவாக உயர்ந்தது, ஆனால் இறப்பும் உயர்ந்தது. 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. அம்மருந்துக்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தும் தனித்தீங்கும் இருந்தது. எனினும் எச்.டி.எல். அளவைப் பிறப்பிலேயே உயர்த்தும் மரபணு மாற்றம் மாரடைப்பைக் குறைக்கவில்லை என 2012இல் வெளியான ஆய்வும் காட்டியது. ஆபத்தைச் சுட்டும் குறியீடு அனைத்தும் ஆபத்தின் காரணம் ஆகிவிடாது.

அதே 2006இல் எல்.டி.எல். பற்றிய நேர்மாறான செய்தி கிடைத்தது. ஒரு மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்திருந்த கறுப்பின அமெரிக்கர்களிடத்தில் இதயநோய் 88 விழுக்காடு குறைவாக இருந்ததை டல்லாஸ் ஆய்வாளர்கள் கண்டனர். மருந்தின்றி, வாழ்நாள் முழுவதும் இயற்கையே நடத்திய சோதனை எனலாம் இது. மேலைநாட்டினரிடத்தில் கண்டவை பிற மக்களுக்குப் பொருந்துமா என்னும் வினாவுக்கும் விடை கிடைத்தது. இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இரத்தக் கொழுப்பின் சீர்கேடும் புகைப்பழக்கமுமே முதல் மாரடைப்போடு மிக வலுவாகத் தொடர்புற்ற காரணிகளாக அமைந்தன.

முடிவுரை

1913 முதல் 1994 வரையிலான காலத்தில் இரு தாமதங்கள் உள்ளன. முதலாவது, அனிச்கோவின் சோதனை முதல் ஃபிராமிங்காம் ஆய்வு தொடங்கியது வரையிலானது. தமனித் தடிப்பை முதுமையின் விதி எனக் கொண்ட முன்முடிவே அதற்குக் காரணம். விடை கையிலிருந்தும் வினா எழாத காலம் அது. இரண்டாவது, 1961 முதல் 1994 வரையிலானது. அக்காலத்தில் வினா எழுந்துவிட்டது. நலமாக இருக்கும் கோடிக்கணக்கானோருக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து அளிப்பதற்குமுன், அம்மருந்து உயிரைக் காக்கிறது என்னும் உறுதிப்பாடு வேண்டும் எனக் கேட்டது முறையே. டிரைபாரனாலும் குளோஃபைபிரேட்டும் டார்செட்ராபிப்பும் அக்கேள்வியின் நியாயத்தை உணர்த்துகின்றன.

உறுதிப்பாட்டைத் தந்தது எந்தவொரு தனிச்சான்றும் அன்று. முயல் காரணத்தைக் காட்டியது; மனிதனைக் காட்டவில்லை. குடும்பங்கள் மனிதனைக் காட்டின, பெரும்பான்மையோரைக் காட்டவில்லை. ஃபிராமிங்காம் பெரும்பான்மையோரைக் காட்டியது. குறைப்பதன் பயனைக் காட்டவில்லை. ஏற்பியின் கண்டுபிடிப்பு செயல்முறையை விளக்கியது. மருந்துச் சோதனை பயனை எண்ணிக் காட்டியது. ஸ்காண்டிநேவியச் சோதனையின் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபட்ட 74 உயிர்களில் இவ்வைந்து சான்றுகளின் பொருளும் அடங்கியுள்ளது.